நுவரெலியாவிலிருந்து வந்த கன்று

கடந்த ஏப்பிரல் விடுமுறையில் எம் வீட்டார் அம்பாறை, பதுளை வழியாக நுவரெலியாவுக்குச் சென்று நான்கு நாட்கள் தங்கி மீண்டனர். திரும்பி வரும் வழியெல்லாம் இளைய மகள் ஒரு கறுப்புப் பொலித்தீன் பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. அதனுள் இருந்தது ஒரு சாண் உயரமுள்ள சைப்பிரஸ் கன்று. மலைநாட்டுக் குளிரில் தான் நடுநடுங்கி நின்றபோது, அக்குளிரைச் சிறிதும் பொருட்படுத்தாது பச்சைப் பசேலென நிமிர்ந்து நின்ற மரங்களைக் கண்டு பிள்ளைக்கு ஆசை பிறந்துவிட்டது. கன்று மருதமுனைக்கு வந்து சேர்ந்தது, கிணற்றடியில் நடப்பட்டது, காலையும் மாலையும் நீர் வார்க்கப்பட்டது.

மே மாதம் முழுவதும் அது நலமாகவே இருந்தது. ஜூன் பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் நுனிகள் பழுப்பேறின. ஜூலை நடுப்பகுதியில், தொட்டால் உதிரும் சருகாயிற்று. நீர் குறைந்ததென்று சொல்வதற்கில்லை. கிணற்று நீர் அதற்கு வேண்டிய மட்டும் கிடைத்தது. மகள் இரண்டு நாட்கள் எவரோடும் பேசவில்லை. முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்த மூத்தம்மாதான் தீர்ப்பு வழங்கினார்: “மலைநாட்டு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து கடற்கரை மணலில குடி வைச்சா வேறென்ன நடக்கும்?”

நாமும் அத்தீர்ப்பை ஏற்று அமைந்திருப்போம். ஆயின், தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அச்சருகைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது மொன்டெரி சைப்பிரஸ். இதன் சொந்த ஊரும் கடற்கரைதான்” என்று கூறியதும் திகைத்துப் போனோம்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மொன்டெரி விரிகுடாவின் தென்புறத்தே பசிபிக் பெருங்கடலை நோக்கியவாறு இரு சிறு முனைகள் உள்ளன. ஒன்று சைப்பிரஸ் முனை. மற்றையது லோபோஸ் முனை. உலகம் முழுவதிலும் இம்மரம் இயற்கையாகத் தோன்றி வளரும் இடங்கள் இவ்விரண்டுமே. பெயரளவிற் பார்த்தால் மருதமுனைக்குச் சொந்தக்காரர்கள் என்றே சொல்லலாம்! உப்புக் காற்று அடிக்கும் பாறை விளிம்பில், அலைத் திவலை மேலே தெறிக்க நிற்கும் மரம் அது. அத்தகைய மரம் 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவில் செழிப்பதும், கடலருகே உள்ள எமது வளவில் மடிவதும் எங்ஙனம்?

உயரம் என்பது யாது?

மரத்துக்கு உயரம் தெரியாது. தான் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி மேலே நிற்கிறது என்பதை அளக்க அதனிடம் கருவி எதுவும் இல்லை. அது அறிவதெல்லாம் குளிரையும், ஒளியையும், காற்றின் வரட்சியையும், வேரடியில் உள்ள ஈரத்தையுமே. மலையேறும்போது இவை யாவும் ஒருங்கே மாறுகின்றன. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ இரண்டு செல்சியஸ் பாகை வீதம் வெப்பம் தணிகிறது. எமது கரையோரத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகையை ஒட்டியதாயின், நுவரெலியாவில் அது சுமார் 16 பாகை. ஆறாயிரம் அடிக்குப் பன்னிரண்டு பாகை. கணக்குச் சரியாக இருக்கிறது. வளிமண்டலத்தின் அமுக்கமும் அங்கே கடல் மட்டத்திலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்திருப்பதால் வெயிலின் புறஊதாக் கதிர்கள் கூடுதலாக இறங்குகின்றன.

கலிபோர்னியக் கரையிலோ, வடக்கிலிருந்து இறங்கி வரும் குளிர்ந்த கடல் நீரோட்டமும், கோடையில் நாள்தோறும் கவியும் மூடுபனியும் நிலத்தைக் குளிர வைக்கின்றன. எமக்கு 6,000 அடி ஏறினால் கிடைப்பது அவர்களுக்குக் கடலோரத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே, அந்தச் சைப்பிரஸை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தோர் உண்மையில் அதனை ஒரு குளிரிடத்திலிருந்து இன்னொரு குளிரிடத்துக்கே மாற்றினர். 1861 ஆம் ஆண்டில் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தாவரவியற் பூங்காவில் இன்றும் மொன்டெரி சைப்பிரஸ் நிற்கிறது. அதனருகே யப்பானிய தேவதாரு வகையும் இமாலயப் பைனும் நிற்கின்றன. இரு கண்டங்களின் குளிர் ஒரு மலைச்சரிவிற் கூடியிருப்பதைக் காண விரும்புவோர் அங்கே சென்று பார்க்கலாம்.

இனி எமது கிணற்றடிக்கு வருவோம். மரமும் மூச்சு விடுகிறது. பகலில் ஒளியைக் கொண்டு உணவு சமைப்பது வரவு. இரவும் பகலும் மூச்சு விடுவது செலவு. வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் அம்மூச்சின் வேகம் பொதுவாக இரு மடங்காகும். நுவரெலியாவில் இரவுதோறும் அச்செலவு சுருங்கிவிடும். மருதமுனையின் இரவோ குளிராத இரவு. அதன்மேல் கச்சான் வேறு. மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து ஈரத்தை இழந்து இறங்கிவரும் அவ்வரண்ட காற்று படும்போது, இலையிலுள்ள நுண்ணிய வாய்களை மரம் மூடிக்கொள்கிறது. மூடாவிடின் உடலிலுள்ள நீர் முழுவதும் பறந்துவிடும். மூடினாலோ காபனீரொட்சைட்டு உள்ளே வராது. உணவு சமைக்க முடியாது. வரவு நின்று செலவு பெருகிய குடும்பத்தின் கதிதான் கன்றுக்கும் நேர்ந்தது. நாம் வேரில் ஊற்றிய நீர் இக்கணக்கைத் திருத்தவில்லை.

கலிபோர்னியாவிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. இம்மரத்தின் அழகில் மயங்கிய மக்கள் மூடுபனி எட்டாத உள்நாட்டு வெப்பப் பகுதிகளிலும் வேலிக்கும் நிழலுக்குமாக அதனை நட்டனர். 1928 இல் அங்கே ஒருவகைப் பூஞ்சணப் பட்டை நோய் கண்டறியப்பட்டது. உள்நாட்டில் நடப்பெற்ற மரங்கள் அந்நோயால் பெருந்தொகையாக அழிந்தன. கடற்குளிரில் நின்ற மரங்களோ அத்துணை பாதிப்படையவில்லை. நோய் ஒன்றே, மரமும் ஒன்றே, நின்ற இடம்தான் வேறு.

மேலே ஏறினால்

இதனைக் கொண்டு, மலையுச்சி ஊசியிலை மரங்களுக்குச் சுக வாசஸ்தலம் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. கீழே வெப்பமும் வரட்சியும் வருத்துகின்றன. மேலே வேறு துன்பங்கள் காத்திருக்கின்றன. இமயமலையில் இது படிப்படியாகத் தெரியும். அடிவாரத்தை ஒட்டிச் சீர்ப் பைன் வளர்கிறது. தடித்த பட்டையால் காட்டுத்தீயைத் தாங்குவது அதன் வித்தை. அதற்கு மேலே 5,000 அடியிலிருந்து 10,000 அடி வரை தேவதாரு. நீலப் பைன் இன்னும் மேலே செல்லும். அதனையும் கடந்து வெள்ளூசி எனத்தக்க பிர் மரங்கள், இறுதியில் யூனிப்பர். தென்கிழக்குத் திபெத்தில் ஏறத்தாழ 16,000 அடி உயரத்திலும் யூனிப்பர் மரமாகவே நிற்கிறது. வட கோளத்தில் மரங்கள் ஏறிய மிக உயர்ந்த எல்லை அதுவே.

அவ்வுயரத்தில் விடியற்காலைதான் ஆபத்தான நேரம். வெயில் பளீரென விழுகிறது. ஆனால் இலை இன்னும் உறைபனியில் விறைத்திருக்கிறது. பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கும். வாங்கிய ஒளியை உணவாக்கும் வேலையோ குளிரால் நின்றுபோயிருக்கும். செலவழிக்க வழியில்லாத அந்தச் சக்தி இலையையே எரித்துவிடக்கூடியது. இதற்கென ஊசியிலையில் மஞ்சள் நிறப் பொருள்கள் சில அமைந்துள்ளன. மிகையான ஒளியைத் தீங்கற்ற வெப்பமாக மாற்றி வெளியேற்றுவது அவற்றின் பணி. குளிர்காலத்தில் சில ஊசியிலை மரங்கள் வெண்கல நிறம் கொள்வதைக் கண்டு நோயென்று அஞ்சுவோர் உண்டு. பெரும்பாலும் அது நோயன்று, தற்காப்பு.

உறைபனியைத் தாங்கும் விதமோ இன்னும் வியப்புக்குரியது. இலையுதிர்காலத்தில் பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் வடநாட்டு ஊசியிலை மரங்கள் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. உயிரணுக்களினுள்ளே சர்க்கரை சேர்கிறது. நீரின் ஒரு பகுதி அணுக்களுக்கு வெளியே தள்ளப்படுகிறது. பனிக்கட்டி உருவானாலும் அணுவுக்கு வெளியே உருவாகும், உள்ளே கிழிக்காது. இவ்வாறு சிறிது சிறிதாகப் பக்குவப்பட்ட சில வகைகளின் கிளைகளை ஆய்வுகூடத்தில் திரவ நைதரசனில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையில், அமிழ்த்தியபோதும் உயிர் தப்பியிருக்கின்றன! அதே கிளையைக் கோடையில் எடுத்தால், பூச்சியத்துக்குக் கீழே சில பாகைக் குளிரிலேயே கருகிவிடும். ஆற்றல் மரத்தில் மட்டும் இல்லை; பக்குவப்படக் கிடைக்கும் காலத்திலும் இருக்கிறது. எமது தீவிலோ ஆண்டு முழுவதும் பகற்பொழுது பெரிதாக மாறுவதில்லை. நுவரெலியாவில் தை, மாசியில் உறைபனி விழும் இரவுக்கு முந்திய பகல் வெயிலாகவே இருந்திருக்கும். முன்னறிவிப்பு இல்லாத குளிர் அது.

ஏன் ஓர் எல்லைக்கு மேல் மரமே இல்லை? உணவு போதாமையால் என்றே பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கோர்னரும் அவருடன் ஆய்ந்தோரும் அளந்து பார்த்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. எல்லையில் நின்ற மரங்களின் உடலில் சர்க்கரையும் மாப்பொருளும் குறையவில்லை. பல இடங்களில் கீழே நின்ற மரங்களைவிடக் கூடுதலாகவே இருந்தன. வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் ஆறு பாகையளவுக்கு இறங்கினால், உணவு இருந்தும் புதிய அணுக்களை உருவாக்கும் வேலை நடவாது என்பதே அவர்களின் விளக்கம். மருதமுனையில் இதனை விளக்க நெடும் பிரசங்கம் வேண்டியதில்லை. நூல் மூட்டை மூட்டையாக வீட்டில் இருக்கிறது, தறிதான் ஓடவில்லை.

தறியைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். மெதுவாக வளரும் மலை மரத்தின் ஆண்டு வளையங்கள் நெருங்கி அமைந்திருக்கும். அடித்து நெய்த சாரத்தைப் போன்ற இழை நெருக்கம். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மர வளையங்களை ஆராய்ந்துவந்த எட்மண்ட் ஷூல்மன் என்பவர், செழிப்பான இடத்து மரங்களைவிட இன்னல் மிக்க இடத்து ஊசியிலை மரங்களே நீடு வாழ்கின்றன என்று 1954 இல் ஒரு கட்டுரை எழுதினார். அதனைத் தொடர்ந்து கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில், 10,000 அடி உயரத்தில், மண்ணென்று சொல்லவியலாத சுண்ணக்கல் பொடியில் நின்ற பிரிசில்கோன் பைன்களை ஆராய்ந்தார். 1957 இல் அவர் கண்டெடுத்த ஒரு மரம் இன்று 4,800 ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்துகொண்டிருக்கிறது. அம்மரத்தின் பெரும்பகுதி இறந்த கட்டையே; பட்டையின் ஒடுங்கிய கீற்று ஒன்றுதான் வேரையும் சில கிளைகளையும் இணைத்து உயிர் காக்கிறது. தாங்க முடியாத பகுதியைக் கைவிட்டுத் தாங்கக்கூடியதைக் காப்பது அதன் வழி. ஷூல்மன் அடுத்த ஆண்டே, ஐம்பது வயது நிரம்பும் முன்னர் காலமானார்.

காவலாக இருந்த குளிர்

குளிர் பகையாக மட்டும் இருப்பதில்லை. சில சமயம் காவலாளியாகவும் இருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் அரிசி அளவேயான ஒரு பட்டை வண்டு பைன் மரங்களைத் துளைத்து அழிக்கிறது. துளைபட்ட இடத்தில் மரம் பிசினைப் பீறிட்டு வண்டை மூழ்கடிக்கப் பார்க்கும். மரத்துக்குச் சற்றே தாகம் இருந்தால் வளர்ச்சி குறைந்து பிசின் கூடும். தாகம் கடுமையானால் பிசினும் வற்றிவிடும். கடுங்குளிர்காலங்கள் வண்டின் புழுக்களைக் கொன்று வந்தன. 1990களின் பிற்பகுதியிலிருந்து குளிர்காலங்கள் இளகவே, கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தில் எமது தீவைப்போல் இரு மடங்குக்கும் கூடிய காட்டுப் பரப்பில் அவ்வண்டு பரவியது. மலை உச்சிகளுக்கும் ஏறியது. அங்கே நின்ற வெண்பட்டைப் பைன், குளிரின் காவலில் இருந்தமையால் வண்டை எதிர்க்கும் பழக்கம் குன்றிய மரம். வேற்று நாட்டிலிருந்து வந்த துரு நோயும் அதனை முன்னரே நலிவித்திருந்தது. 2022 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்க அரசு அதனை அழிவை எதிர்நோக்கும் இனமாகச் சட்டப்படி அறிவித்தது.

இவையெல்லாம் தொலைநாட்டுச் சங்கதிகள் என்று ஒதுக்க எமக்கு உரிமையில்லை. இலங்கையில் இயற்கையாகத் தோன்றிய ஊசியிலை மரம் ஒன்றேனும் கிடையாது. ஆயினும் இன்று ஹந்தானையிலும், ஊவா மலைகளிலும், வேறு பல சரிவுகளிலும் பைன் காடுகள் நிற்கின்றன. 1970களிலும் அதனை அடுத்தும் வனத் திணைக்களம் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் அவற்றை நட்டது. மண் அரிப்பால் எலும்பு தெரிந்த சரிவுகளை எப்படியாவது மூடவேண்டும் என்பது அன்றைய அவசரம். பெரும்பாலும் நடப்பட்டது கரிபியன் பைன். அதுவும் மத்திய அமெரிக்கக் கரையோரத் தாழ்நிலத்துக்கு உரிய மரமே. அதனாலேயே நடுத்தர உயரச் சரிவுகளின் வெப்பத்தையும் வரட்சியையும் அது தாங்கியது. உயர்ந்த குளிர்ப் பகுதிகளுக்கு மெக்சிக்கோ மலைகளின் பத்துலாப் பைன் கொண்டுவரப்பட்டது. இரண்டையும் இடம் மாற்றி நட்டிருந்தால் எமது கிணற்றடிக் கதை ஏக்கர் கணக்கில் நடந்தேறியிருக்கும்.

இடம் பொருந்தினாற்கூடப் பைன் தனித்து வாழாது. அதன் வேரைப் போர்த்தி நின்று நீரும் உப்பும் தேடித் தரும் ஒருவகைப் பூஞ்சணம் மண்ணில் இருக்கவேண்டும். புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் பைன் நடும் முயற்சிகள் பல ஆண்டுகள் தோற்றன. 1950களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பின்னரே கன்றுகள் தலையெடுத்தன.

எமது மலைகளில் பைன் பிழைத்தது. பிழைத்ததற்கான விலையும் இருந்தது. உதிர்ந்த ஊசிகள் எளிதில் மக்குவதில்லை. பிசின் ஊறிய அச்சருகு மெத்தை வரண்ட மாதங்களில் ஒரு தீக்குச்சிக்குக் காத்துக் கிடக்கிறது. ஊவாவில் ஆண்டுதோறும் தீப்பற்றும் செய்தியைப் படிக்கிறோம். ஊற்றுகள் வற்றின என்று அயற் கிராமத்தார் குறை கூறுவர்; புல் இருந்த இடத்தில் எந்தப் பெருமரம் நின்றாலும் கூடுதல் நீரைக் குடிக்கவே செய்யும் என்பது நம் எண்ணம். ஆயினும் ஒரு நல்ல திருப்பத்தையும் சொல்லவேண்டும். சிங்கராச வனத்தின் ஓரத்தில் நடப்பட்டிருந்த பைன்களின் இடையே சில வரிசைகளை வெட்டி, அந்நிழலில் உள்நாட்டு மழைக்காட்டு மரங்களை நட்டுப் பார்த்தனர் பேராதனைப் பேராசிரியர்களான நிமால் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும், அவர்களுடன் மார்க் அஷ்டனும். 1990களின் தொடக்கத்தில் நட்ட கன்றுகள் அங்கே மரங்களாகிவிட்டன. வந்தேறியான பைன் செவிலித்தாயாயிற்று.

கிழக்குக் கரையில் இருக்கும் நாம் இதில் அக்கறை கொள்வது வீண் ஆராய்ச்சியன்று. எமது வயல்களுக்குப் பாயும் கல்லோயாவின் நீர் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கிறது. அச்சரிவுகளில் எந்த மரம் நிற்கிறது, அது தாங்குமா, கருகுமா என்பது கல்முனைச் சந்தையில் நெல்லின் விலையோடும் தொடர்புடையது. உலகம் வெப்பமேறும்போது மலைகளின் ஒவ்வொரு படியும் கீழ்ப்படியின் வெம்மையைப் பெறுகிறது. இமயத்து மரங்களுக்கு மேலே ஏற இன்னும் இடமுண்டு. எமது உயர்ந்த சிகரமான பீதுருதலாகலை 8,281 அடியோடு முடிந்துவிடுகிறது. ஹோட்டன் சமவெளியில் உள்நாட்டு மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போவதை 1970களின் இறுதியிலிருந்தே ஆய்வாளர் கண்டுவருகின்றனர். அவை ஊசியிலை மரங்களல்ல. ஆயினும் மலைமேல் நின்று நெருக்கடிக்கு ஆளாகும் மரங்கள் அவையும்தான்.

இத்தனையும் மகளுக்கு விளங்கச் சொல்லி முடித்தபோது அவள் ஒரே கேள்வி கேட்டாள்: “அப்படியெண்டால், வாப்பா, கடற்கரையில நிக்கிற பைன் மட்டும் எப்படிச் சாகாமல் நிக்குது?” அவள் சுட்டியது சவுக்கு மரத்தை. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையின் பல இடங்களில் சவுக்குக் கன்றுகள் நடப்பட்டன. பார்வைக்கு ஊசியிலை மரமே. ஆனால் அது பூக்கும் மரம், பைனுக்கு உறவே இல்லை. அதன் ஊசி என்பது இலையன்று, கணுக் கணுவான பச்சைத் தண்டு; உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பற்களைப் போல் சுருங்கி ஒட்டியிருக்கின்றன. வெம்மணலும் உப்புக் காற்றும் அதற்குப் பிறந்த வீடு.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். ஒரு சவுக்கு ஊசியைக் கிள்ளி, ஒரு கணுவைக் கழற்றி, மீண்டும் பொருத்தி, எந்தக் கணு முறிந்தது என்று கண்டுபிடிக்குமாறு அவளிடம் நீட்டினோம். நாம் சிறுவயதில் ஆடிய விளையாட்டு. முதல் முறை தோற்றாள். இரண்டாவது முறை அவள் ஊசியை நீட்ட, நாம் தோற்றோம். மூத்தம்மாவுக்கென்று ஒரு கைப்பிடி ஊசிகளைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.